மேடையில் கைவிடாத பெடல்: பேஸ் ப்ரீஆம்ப் டி.ஐ. தேர்ந்தெடுக்கும் முறை

கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, கல்லூரி விழா என்று எந்த மேடையானாலும் பேஸ் கிட்டாருக்குத் தனி ஆம்ப் இருக்கும் என்று இப்போது நம்பிப் போக முடிவதில்லை. பேஸிலிருந்து ஒரு கேபிள் பெடலுக்கு, பெடலிலிருந்து இன்னொன்று மிக்சருக்கு. கூட்டத்துக்குக் கேட்பதும் உங்கள் மானிட்டரில் கேட்பதும் அந்த ஒரே வழியில் வரும் சத்தம்தான். நடுவே இருக்கும் ப்ரீஆம்ப் டி.ஐ. பெடல் நின்றால் பேஸும் நின்றது. கீபோர்டுக்காரர் இடது கையால் இரண்டு பாட்டு சமாளிக்கலாம். கிக் டிரம்மும் பேஸும் கூடி நின்று தரும் பிடிமானம் வராது. அதனால் இந்த அத்தியாயம் ஒரே ஒரு கருத்தை வற்புறுத்துகிறது. மேடைக்குப் பெடல் வாங்கும்போது முதலில் அதன் மின்சார ஏற்பாட்டைப் பாருங்கள். அடுத்து ஜாக்குகளையும் ஸ்விட்சையும் பாருங்கள். டோனைக் கடைசியில் கேளுங்கள். கடைக்குள் நுழைந்ததும் நம்மில் பெரும்பாலோர் செய்வது இதற்கு நேர் தலைகீழாக இருக்கிறது.

தெரிந்திருக்க வேண்டிய அளவு அடிப்படை

இந்தப் பெடலுக்கு இரண்டு வேலை. ப்ரீஆம்ப் பகுதி, பிக்கப்பிலிருந்து வரும் மெலிந்த சிக்னலை வாங்கிப் பலப்படுத்தி, பேஸ், மிட், ட்ரெபிள் என்று நிறம் சேர்க்கிறது. டி.ஐ. பகுதி அதே சிக்னலை, நீளமான கேபிளில் போனாலும் இரைச்சல் ஒட்டாத பேலன்ஸ்டு சிக்னலாக மாற்றி எக்ஸ்.எல்.ஆர். வழியே மிக்சருக்கு அனுப்புகிறது. பேட்டரி இல்லாத பாசிவ் பேஸ் வைத்திருப்பவர்கள் விவரக்குறிப்பில் ஓர் எண்ணை மட்டும் கவனித்தால் போதும்: இன்புட் இம்பீடன்ஸ் ஏறத்தாழ 1 மெகாஓம் இருக்கட்டும். மிகக் குறைந்தால் சத்தத்தின் துலக்கம் மங்கிவிடும். ஐந்து ஸ்ட்ரிங் பேஸ் என்றால் கீழ் ‘பி’ ஸ்ட்ரிங் 31 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் குறைவாக ஒலிக்கிறது. பெடல் அந்த அளவுக்குக் கீழே இறங்குகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் கோட்பாடு தேவையில்லை.

பெடல் எங்கே கெடுகிறது?

உறுதியான பெடல் என்றதும் கனமான பெட்டியைத்தான் தேடுகிறோம். காலால் மிதிக்கும் பொருள், ஆகவே தகடு தடிமனாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் இயல்பானது, தவறும் இல்லை. ரேடியல் நிறுவனத்தின் ஜே48 போன்ற டி.ஐ. பெட்டிகள் 14 கேஜ் எஃகுத் தகட்டில் வருகின்றன. வார்ப்பு அலுமினியப் பெட்டிகளும் மிதிக்கெல்லாம் அசையாது. ஆனால் பழுதுபார்க்க வரும் பெடல்களின் குறைகளை வகைபிரித்துப் பார்த்தால் பெட்டி நசுங்கியதாக வருவது அபூர்வம். கேபிள் செருகும் இடம், மின்சாரம் நுழையும் இடம், கால் படும் ஸ்விட்ச், விரல் திருப்பும் குமிழ் ஆகியவைதான் கெடுகின்றன. அசையும் இடம் தேய்கிறது, இழுபடும் இடம் விரிசல் விடுகிறது. பெட்டியின் கனம் இந்த நான்கில் எதையும் காப்பாற்றாது.

கேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். மேடையில் யாரோ ஒருவர் கால் கேபிளில் தடுக்குகிறது. செருகியிருக்கும் பிளக் கடப்பாரை நெம்புவதுபோல ஜாக்கை நெம்புகிறது. ஜாக், பெட்டியின் சுவரோடு உலோக நட்டால் முடுக்கப்பட்டிருந்தால் அந்த விசையைச் சுவர் வாங்கிக்கொள்ளும். உள்ளேயிருக்கும் சர்க்யூட் போர்டில் சால்டர் மட்டுமே அதைப் பிடித்திருந்தால் சால்டர்தான் வாங்கும். அதில் மயிரிழை விரிசல் விழும். அப்படி விழுந்த பெடல் வீட்டில் நன்றாக வேலை செய்யும். மேடையின் அதிர்வில் மட்டும் கரகரக்கும், விட்டுவிட்டு ஒலிக்கும். முழுதாகச் செத்த பெடலையாவது உடனே மாற்றிவிடலாம். இப்படி விட்டுவிட்டு வேலை செய்வது கேபிளா, பேஸா, மிக்சரா என்று எல்லாரையும் தேட வைக்கும்.

கையிலெடுத்து ஜாக்கைப் பக்கவாட்டில் பாருங்கள். அறுகோண உலோக நட்டு, அதன் அடியில் வாஷர், மரை சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருப்பது: இது சரியான அமைப்பு. நட்டு இல்லாமல் பெட்டியின் ஓட்டைக்குள் கறுப்பு பிளாஸ்டிக் வளையம் மட்டும் தெரிந்து, வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி இருந்தால், அந்த ஜாக்கின் பாரம் முழுவதும் போர்டின் மேல்தான். எக்ஸ்.எல்.ஆர். சாக்கெட்டை இரண்டு திருகுகள் சுவரோடு பிடித்திருக்க வேண்டும். குமிழ்களிலும் இதே விதி: குமிழைக் கழற்றிப் பார்த்தால் அடியில் நட்டு இருக்க வேண்டும். காலுக்கு எட்டாத தாழ்வான குமிழ்கள் இன்னும் நல்லது.

குறிப்பு: நட்டு லேசாகத் தளர்ந்திருப்பது மட்டுமே குறை என்றால் பயப்பட வேண்டாம். பின்பக்கம் ஜாக் சுழலாமல் பிடித்துக்கொண்டு முடுக்குங்கள். பிடிக்காமல் முடுக்கினால் உள்ளேயிருக்கும் வயர் முறுக்கி அறுந்துவிடும். இது அடிக்கடி நடக்கும் தவறு.

மின்சாரம்: எத்தனை வழிகளில் உயிரோடு இருக்கும்?

ஜாக்குகளைவிட முக்கியமானது இது. பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட் அடாப்டரில் ஓடுகின்றன. அடாப்டரின் உருளை முனைக்குப் பூட்டு கிடையாது. காலில் பட்டால் கழன்றுவிடும். எக்ஸ்.எல்.ஆர். கேபிளுக்கு மிக்சர் பக்கமிருந்து வரும் முனையில் பூட்டு உண்டு. அழுத்தி விடுவித்தால்தான் வெளியே வரும். ஆகவே, மிக்சரே அந்த எக்ஸ்.எல்.ஆர். கேபிள் வழியாக அனுப்பும் 48 வோல்ட் பான்டம் பவரில் ஓடக்கூடிய பெடல், பூட்டில்லாத ஓர் இணைப்பையே பாதையிலிருந்து நீக்கிவிடுகிறது. அடாப்டர் இல்லை, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இடம் தேடும் வேலை இல்லை, மேடை மின்சாரத்தின் ஏற்ற இறக்கம் பெடலை நேராகத் தொடுவதும் இல்லை. இன்னொரு நன்மையும் சேர்ந்து வருகிறது. பெடலுக்கு மேடையில் வேறு மின் இணைப்பு இல்லை, ஆம்பும் இல்லை என்றால் மிக்சரின் எர்த்தைத் தவிர வேறு எர்த் இல்லை. 50 ஹெர்ட்ஸில் ‘உம்ம்’ என்று இழுக்கும் கிரவுண்ட் லூப் உண்டாக வழியே இல்லை.

ஆனால் பான்டம் பவர் தரக்கூடிய மின்னோட்டம் மிகக் குறைவு. மிக்சருக்குள் அந்த 48 வோல்ட் இரண்டு 6.8 கிலோஓம் ரெசிஸ்டர்கள் வழியாகத்தான் வருகிறது. இரண்டும் இணையாகச் சேர்ந்தால் 3.4 கிலோஓம். வெளியே முழு ஷார்ட் ஆனால்கூட 14 மில்லிஆம்பியர்தான் ஓடும். பயன்படக்கூடியது 10 மில்லிஆம்பியர் அளவு. எனவே விவரக்குறிப்பில் ‘மின்நுகர்வு 100 மில்லிஆம்பியர்’ என்று போட்ட பெடல் பான்டமில் ஓடவே ஓடாது. ‘எக்ஸ்.எல்.ஆர். அவுட் இருக்கிறது, ஆகவே பான்டமில் ஓடும்’ என்று எண்ணிக்கொள்வது வாங்குபவர்கள் செய்யும் பெரிய பிழை. அந்த அவுட்புட் இருப்பது வேறு, அதன் வழியே மின்சாரம் ஏற்பது வேறு.

சந்தையில் நீண்ட காலமாகப் புழங்கும் பெடல்களை இந்தக் கண்ணோடு பார்த்தால் பல விஷயம் விளங்கும். டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் டி.ஐ. 1990-களிலிருந்து மேடையில் இருக்கிறது. பழைய வடிவத்தில் மிட் குமிழ் இல்லை என்ற குறையைப் பலரும் சொன்னார்கள், பின்னால் வந்த வடிவத்தில் சேர்த்தார்கள். அந்தக் குறையோடும் அது இத்தனை ஆண்டு நிலைத்ததற்குப் பேட்டரி, அடாப்டர், பான்டம் என மூன்று வழியிலும் ஓடுவது ஒரு பெரிய காரணம் என்பது என் முடிவு. எம்.எக்ஸ்.ஆர். எம்80-உம் அப்படியே மூன்று வழியிலும் ஓடும். பின்லாந்தின் டார்க்கிளாஸ் பி7கே கடினமான ராக், மெட்டல் வாசிப்பவர்கள் விரும்பும் டிஸ்டார்ஷன் தருகிறது. ஆனால் அதற்கு 9 வோல்ட் அடாப்டர் மட்டுமே வழி, பேட்டரி கிடையாது, 9-க்கு மேல் கொடுத்தால் கெட்டுவிடக்கூடும். அதை வாங்கக்கூடாது என்று சொல்லவில்லை. வாங்கினால் நம்பகமான பவர் சப்ளையையும் உபரி அடாப்டரையும் சேர்த்தே விலை போட்டுப் பாருங்கள்.

‘நம் ஊர் மிக்சரில் பான்டம் இருக்குமா? சவுண்ட்காரர் போட்டுக் கொடுப்பாரா?’ என்று கேட்பது நியாயம். சிறிய மிக்சர்கள் சிலவற்றில் பான்டமே இல்லை. சிலவற்றில் எல்லாச் சேனலுக்கும் சேர்த்து ஒரே பட்டன். அந்தப் பட்டனை அழுத்தினால் சாதாரண டைனமிக் மைக்குகளுக்கு, கேபிள் ஒழுங்காக வயர் செய்யப்பட்டிருக்கும் வரை, ஒன்றும் ஆகாது, ஆனால் எக்ஸ்.எல்.ஆரில் நேராகச் சேர்ந்த கீபோர்டோ லேப்டாப்போ இருந்தால் சவுண்ட்காரர் தயங்குவார், தயங்குவதும் சரி. இந்தத் தடைகள் உண்மை. அதனால்தான் பான்டம் மட்டும் போதும் என்று சொல்லாமல், குறைந்தது இரண்டு வழியில் ஓடும் பெடலைத் தேடச் சொல்கிறேன். ஒரு மேடையில் மூடிய வழி இன்னொரு மேடையில் திறந்திருக்கும்.

டிஜிட்டல் மாடலிங் பெடல்களை இங்கேதான் எடைபோட வேண்டும். ஒரே பெட்டியில் ஐம்பது ஆம்புகள், ட்யூனர், கம்ப்ரசர் எல்லாம் கிடைக்கும். ஸ்டுடியோவிலும் பெரிய அரங்கிலும் அவை அருமையான கருவிகள். ஆனால் பல நூறு மில்லிஆம்பியர் இழுப்பவை என்பதால் அடாப்டரை விட்டால் அவற்றுக்கு வேறு வழியில்லை. இ.பி. லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாறும் அந்த ஒரு நொடியில் அனலாக் பெடல் அணைந்து அடுத்த கணமே திரும்பிவிடும். டிஜிட்டல் பெடல் முதலிலிருந்து துவங்கித் தயாராகும் வரை நீங்கள் சத்தமில்லாமல் நிற்க வேண்டும். திருவிழா மேடைகள் உங்கள் முக்கியப் பிழைப்பு என்றால் இந்த வேறுபாட்டை எளிதாகத் தள்ளிவிடாதீர்கள்.

குறிப்பு: பேட்டரியை முதல் வழியாக வைக்காதீர்கள், கடைசிக் காப்பாக வையுங்கள். 9 வோல்ட் ஆல்கலைன் பேட்டரியின் கொள்ளளவு ஏறத்தாழ 500 மில்லிஆம்பியர்-மணி. 10 மில்லிஆம்பியர் இழுக்கும் பெடல் அதில் பல கச்சேரி ஓடும். 60 இழுத்தால் ஒரு நாள் கூத்துதான். பெரும்பாலான பெடல்களில் இன்புட் ஜாக்கில் கேபிள் செருகியிருக்கும் வரை பேட்டரி வடிந்துகொண்டே இருக்கும். வாசித்து முடித்ததும் கேபிளை உருவிவிடுங்கள்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

இணையத்தில் வாங்கினால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதே வரிசையில் வீட்டில் செய்துவிடுங்கள். உங்கள் பேஸ், உங்கள் கேபிள், பான்டம் உள்ள ஒரு சிறு மிக்சர் இருந்தால் அரை மணி நேரத்தில் முடியும்.

1. எதையும் இணைக்காமல் பெடலைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே ஏதாவது கலகலத்தால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

2. அடிப்பக்க ஸ்டிக்கரில் வோல்ட், மில்லிஆம்பியர், அடாப்டரின் முனையில் நடுப்புறம் நெகட்டிவா பாசிட்டிவா என்ற மூன்றையும் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். கிட்டார் பெடல்களில் நடுப்புறம் நெகட்டிவ் என்பதே பெருவழக்கு. வீட்டில் கிடக்கும் வேறு அடாப்டர்கள் பலவற்றில் நடுப்புறம் பாசிட்டிவ். மாற்றிச் செருகினால் பெடல் போய்விடக்கூடும்.

3. இணைத்து, ஒரு நோட்டை நீளமாக ஒலிக்க விட்டு, இன்புட் பிளக்கைப் பிடித்து மெல்ல வட்டமாக ஆட்டுங்கள். பிறகு எக்ஸ்.எல்.ஆரையும், அடாப்டர் முனையையும் அப்படியே. ஒரு கரகரப்பு கேட்டாலும் வேறு பெடல் கேளுங்கள்.

4. ஒவ்வொரு குமிழையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்புங்கள். புதிய பெடலில் குமிழ் கரகரக்கக் கூடாது.

5. ஸ்விட்சைக் காலால், ஷூ போட்ட காலால், இருபது முப்பது முறை மிதியுங்கள். ஒவ்வொரு முறையும் மாற வேண்டும். மிக்சரில் பெரிய ‘டப்’ சத்தம் வரக் கூடாது.

6. வாசித்துக்கொண்டிருக்கும்போதே அடாப்டரைப் பிடுங்குங்கள். ஜாக் அவுட்புட்டில் சத்தம் வருகிறதா? எக்ஸ்.எல்.ஆரில் வருகிறதா? இரண்டும் செத்துப்போகிறதா? எந்தப் பதில் வந்தாலும் பெடலைத் தள்ளிவிட வேண்டியதில்லை. மேடையில் மின்சாரம் போனால் உங்களுக்கு என்ன மிஞ்சும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

7. அடாப்டர் இல்லாமல் பான்டமை மட்டும் கொடுத்து வாசித்துப் பாருங்கள். பலமாக அடிக்கும்போது சத்தம் நசுங்கினால் பான்டமின் மின்சாரம் அதற்குப் போதவில்லை.

ஐந்தாவது, ஆறாவது சோதனைகளைப் பெரும்பாலோர் செய்வதில்லை. கடைக்காரர் என்ன நினைப்பாரோ என்ற கூச்சம்தான் காரணம். அந்தப் பெடலை வருடக்கணக்கில் இப்படித்தான் பயன்படுத்தப் போகிறோம் என்பதை அவரிடமே சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

டோன் ஏன் கடைசியில்?

‘சத்தம்தானே சங்கீதம், அதைக் கடைசியில் தள்ளலாமா?’ என்பது இந்த வரிசைக்கு வரும் வலுவான மறுப்பு. டோன் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. மேலேயுள்ள சோதனையில் தேறிய பெடல்களுக்குள் டோனை வைத்தே தேர்ந்தெடுங்கள் என்கிறேன். கடையில் ஒரு சிறிய ஆம்பில் தனியாகக் கேட்கும் டோன் மேடையில் அப்படியே வராது என்பதும் காரணம். தனியாகக் கேட்கும்போது அடிவயிறு அதிரும் பேஸும் பளபளக்கும் ட்ரெபிளும் மயக்கும்; மிட் குறைந்த அந்தச் சத்தம், தவில், டிரம் பேட், கீபோர்டு எல்லாம் சேர்ந்து ஒலிக்கும் இடத்தில் காணாமல் போகும். ஆகவே ஏதாவது ஒரு பாட்டின் ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, அதோடு சேர்ந்து வாசித்து, மிட் குமிழை ஏற்றி இறக்கித் தேர்ந்தெடுங்கள். டிஸ்டார்ஷன் உள்ள பெடலில் சுத்தமான சத்தத்தைக் கலக்கும் பிளெண்ட் குமிழ் இருக்கட்டும்; இல்லையென்றால் டிஸ்டார்ஷன் போட்டதும் அடிப்பகுதி கரைந்துவிடும்.

‘மலிவாக இரண்டு வாங்கி ஒன்றை உபரியாக வைத்துக்கொண்டால் என்ன?’ என்று கேட்பவர்களின் கணக்கில் பாதி சரி. உபரி கட்டாயம் வேண்டும். ஆனால் ஒரே மாதிரி இரண்டு பெடல்கள் ஒரே இடத்தில் பலவீனமானவை. அடாப்டர் மட்டுமே வழி என்றால் மின்சாரம் போகும்போது இரண்டும் சேர்ந்தே போகும். உபரி வேறு வகையாக இருக்க வேண்டும். அதற்கு மிகப் பொருத்தமானது மின்சாரமே வேண்டாத பாசிவ் டி.ஐ. பெட்டி. ரேடியல் ஜே.டி.ஐ. போன்றவற்றுக்குள் முக்கியமாக இருப்பது ஒரு டிரான்ஸ்பார்மர்தான். கெட்டுப்போக அதிகம் ஒன்றுமில்லை. ‘நேராக டி.ஐ.யில் விட்டால் சத்தம் வெறிச்சென்று இருக்குமே’ என்று தயங்குபவர்கள் 1960-களின் மோடவுன் பாடல்களைக் கேட்கலாம். டெட்ராய்ட்டில் அவற்றுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் டி.ஐ. வழியாக நேரே மிக்சருக்குப் போய்ப் பதிவானது.

மேடையில் இணைக்கும் வரிசை

1. சவுண்ட்காரரிடம் உங்கள் சேனலை மியூட் செய்யச் சொல்லுங்கள். மியூட் செய்யாமல் பான்டமைப் போட்டாலோ எடுத்தாலோ வரும் வெடிச்சத்தம் ஸ்பீக்கரையும் காதையும் கெடுக்கும்.

2. பேஸை இன்புட்டில் செருகுங்கள், பிறகு எக்ஸ்.எல்.ஆர். கேபிளை ‘கிளிக்’ என்று பூட்டு விழும் வரை அழுத்துங்கள்.

3. மைக் லெவல், லைன் லெவல் ஸ்விட்ச் இருந்தால் மைக் லெவலில் வையுங்கள். லைன் லெவலை மைக் இன்புட்டுக்கு அனுப்பினால் சத்தம் உடையும். உடைவது பெடல் என்று நினைத்து டிரைவ் குமிழைக் குறைத்துக்கொண்டே போவார்கள்.

4. பான்டம் அல்லது அடாப்டரைக் கொடுங்கள். சில நொடி கழித்து மியூட்டை எடுக்கச் சொல்லுங்கள்.

5. ‘உம்ம்’ சத்தம் இருந்தால் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சைத் தட்டுங்கள். இது எக்ஸ்.எல்.ஆரின் 1-ஆம் பின்னைத் துண்டிக்கிறது. பான்டம் பவர் திரும்பிப் போவதும் அதே பின் வழியாகத்தான் என்பதால் பான்டமில் ஓடும்போது சில பெடல்கள் இதில் அணைந்துவிடும். அப்போது அடாப்டருக்கு மாறுங்கள்.

6. வேலை முடிந்ததும் இதே வரிசையைத் தலைகீழாகச் செய்யுங்கள்: முதலில் மியூட், பிறகு மின்சாரம், கடைசியில் கேபிள்.

எச்சரிக்கை: இரைச்சலைப் போக்க த்ரீ பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவது, எர்த் இல்லாத டூ பின் மாற்றி வழியாகச் செருகுவது இரண்டையும் ஒருபோதும் செய்யாதீர்கள், உங்கள் மேடையில் செய்ய விடவும் வேண்டாம். உங்கள் ஸ்ட்ரிங்குகள் கேபிளின் வழியே மிக்சரின் எர்த்தோடு இணைந்திருக்கின்றன. எர்த் கெட்ட ஒரு மைக்கில் உதடு பட்டால், ஸ்ட்ரிங் மேலுள்ள கைக்கும் உதட்டுக்கும் நடுவே உங்கள் உடம்பு வழியாக மின்சாரம் பாயும். 1972 மே 3 அன்று வேல்ஸின் ஸ்வான்சீ நகரில் ‘ஸ்டோன் த குரோஸ்’ குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். கோரஸ் பாடும் பேஸிஸ்டுகள் முதலில் மைக்கின் வலைமேல் லைன் டெஸ்டரை வைத்துப் பார்க்கட்டும். எரிந்தால் எதையும் தொடாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்; எரியாததை மட்டும் முழு உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். பந்தல் மேடை ஈரமாக இருந்தால் ரப்பர் பாய் கேளுங்கள், மின் போர்டில், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று விசாரியுங்கள். இப்படிக் கேட்பது உங்கள் உரிமை.

பையில் இருக்க வேண்டியவை

பெடல், பாசிவ் டி.ஐ., பெடலுக்கான சொந்த அடாப்டர், உறை பிரிக்காத ஒரு 9 வோல்ட் பேட்டரி, உபரி ஜாக் கேபிள் ஒன்று, உபரி எக்ஸ்.எல்.ஆர். கேபிள் ஒன்று, ஜாக் நட்டுக்குப் பொருந்தும் ஒரு சிறு ஸ்பேனர். அடாப்டரின் மேல் வெள்ளை டேப் ஒட்டி, வோல்ட் எவ்வளவு, நடுப்புறம் நெகட்டிவ், எந்தப் பெடலுக்கு உரியது என்று மை அழியாத பேனாவால் எழுதிவிடுங்கள். இருட்டு மேடையில் அவசரத்தில் உங்களுக்காக அதைச் செருகுபவர் வேறொருவராக இருக்கலாம். சீசன் முடிந்து பெடலைப் பல வாரம் எடுத்து வைப்பதானால் உள்ளேயிருக்கும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கசிந்த பேட்டரியின் திரவம் தொடுமுனைகளை அரித்துவிடும்.